காயில்காரர் கிழித்த சீட்டுகள்

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பியால் புதுக் காயில் சுற்றித் தருகிற காயில்காரரின் கடைக்கு எந்த மோட்டார் வந்தாலும் முதலில் அதன் கழுத்தில் ஒரு சீட்டு ஏறும். அட்டைப்பெட்டியைக் கத்தரித்துச் செய்த சீட்டு, அதில் ஒரு துளை, துளையில் மிஞ்சிப்போன செம்புக்கம்பி. மோட்டாரின் குறைகளை மட்டும் அதில் எழுதுவார். ‘சூடாகிறது.’ ‘எடுக்கும்போது முனகுகிறது.’ ‘பேரிங் போயிற்று.’ வரியை அடிப்பது, பக்கத்தில் சரி போடுவது என்ற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. குறை தீர்ந்ததும் சீட்டை இரண்டாகக் கிழித்துக் கீழே போட்டுவிடுவார். சீட்டு தொங்கும் மோட்டார் கடைவாசலைத் தாண்டாது, தாண்டிய மோட்டாரில் சீட்டு இருக்காது. எப்படிச் சரி செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், “ஓடுதுல்ல? அப்புறம் என்ன?” என்பார்.

இப்படி ஒரு நல்ல பழக்கத்தாலேயே ஒரு மனுஷன் மோசம் போக முடியுமா என்றால், முடியும். அதற்குத் தெரு ஆள் போதாது, வீட்டுக்குள்ளேயே ஆள் வேண்டும். அவருக்கு அது வாய்த்திருந்தது.

இருபத்தொரு வயதில் கடை போட்டார். மின்விசிறியில் ஆரம்பித்து, மிக்ஸி, தண்ணீர் மோட்டார், பட்டறை மோட்டார் என்று கை விரிந்தது. முப்பத்தொரு வருஷம் வார்னிஷிலேயே புழங்கிய விரல்கள். கைரேகை வைக்கச் சொன்ன ஒரு அலுவலகத்தில் இயந்திரம் பத்து விரலையும் பார்த்துவிட்டு அவரை மனுஷன் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தகடு இருக்கும், அந்தத் தகட்டில் யாரோ ஒருவரின் பெயர் இருக்கும். அதைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பதும் இவர் வேலைதான்.

இருபத்தாறாவது வயதில் கல்யாணம். மனைவி ஒரு பெட்டியோடும் ஒன்பது வயதுத் தம்பியோடும் வந்தாள். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். “இவன் எங்கேயும் போக மாட்டான், எங்கூடத்தான் இருப்பான்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். “இருக்கட்டுமே, அவனை என்ன மோட்டாருக்கா மாட்டப் போறேன்?” என்றார் இவர். தங்களுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. ஆகவே தம்பியே பிள்ளையானான். காய்ச்சல் வந்தால் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது இவர். சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடியதும் இவர்தான்.

தம்பிக்குக் கை வேலை வரவில்லை, வாய் வேலை நன்றாக வந்தது. தண்ணீர் கேன் போட்டான், செல்போன் உறை விற்றான், எல்லாம் ஆறு மாதம். கடைசியில் ஊர் ஓரத்தில் ஒரு பழைய கிடங்கையும் அதைச் சுற்றி மதில் போட்ட வெற்று நிலத்தையும் வாடகைக்குப் பிடித்து நாய்க் காப்பகம் ஆரம்பித்தான். வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போவார்கள், இவன் பார்த்துக்கொள்வான். பார்த்துக்கொள்வது என்றால் வேளாவேளைக்குத் தட்டை நிரப்புவது. தின்றுவிட்டுப் படுத்தே கிடந்த நாய்கள் ஊதிப்போயின. மூட்டை என்று அவன் செல்லப்பெயர் வைத்திருந்த ஒரு பழுப்பு நாய், நாலு கால் முளைத்த தலையணையாகவே ஆகிவிட்டது. திரும்பி வந்த சொந்தக்காரர் அடையாளம் தெரியாமல் பக்கத்துக் கூண்டில் தேடினார், கடைசியில் அதை இவனிடமே விட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தம்பி கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

“மாமா, பந்தய மைதானத்துல தண்டவாளம் போட்டு பொம்மை முயலை ஓட விடுவாங்க, நாய்ங்க துரத்தும். அது மாதிரி நம்ம இடத்துலயும் ஒண்ணு பண்ண முடியாதா? குச்சியில துணியக் கட்டி நானே ஓடிப் பாத்துட்டேன். நாய் இளைக்கல, நான்தான் இளைச்சேன்.”

“தண்டவாளம் எதுக்கு மாப்ளே? துணி காயப்போடுற கயிறு போதுமே.”

சொன்னபடியே செய்தார். பழைய வாஷிங்மெஷின் மோட்டார் ஒன்று, அதன் முனையில் ஒரு சக்கரம். நிலத்தின் மூலைகளில் ஐந்து முளை அடித்து, முளைக்கு ஒரு கப்பி. எல்லாவற்றையும் சுற்றி வந்து சக்கரத்துக்கே திரும்பும் நைலான் கயிறு. கயிற்றில் ஒரு பழைய துவாலையை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு அதற்கு முயல் என்று பெயர் வைத்தார். சுவிட்சைத் தட்டியதும் துவாலை தரையோடு தரையாகப் பறந்தது. மூட்டை ஒரு கண்ணைத் திறந்தது, மறு கண்ணையும் திறந்தது, எழுந்தது, ஓடியது. மதிலோரம் நின்ற காயில்காரரின் மனைவி, “அய்யோ, அது ஓடுதுங்க!” என்று கத்தினாள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் மூவரும் அந்த நிலத்தில்தான். அவள் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாள், தம்பி நாய்களை அவிழ்ப்பான், காயில்காரர் குறை பார்ப்பார். குறைக்கு ஒரு சீட்டு. ‘பனியில் கயிறு வழுக்குகிறது.’ சைக்கிள் டியூபை வெட்டிச் சக்கரத்தில் மாட்டினார், சீட்டு கிழிந்தது. ‘நாய் மூலையில் காத்து நிற்கிறது.’ எப்படியும் துவாலை சுற்றிக்கொண்டு இங்கேதானே வரும் என்று நாய்கள் கண்டுபிடித்துவிட்டன. சுவிட்சைத் திருப்பினால் முயல் எதிர்ப்பக்கம் ஓடும்படி செய்தார், நாய்கள் ஏமாந்தன, சீட்டு கிழிந்தது. ‘எடுத்ததும் வெட்டி இழுக்கிறது.’ மின்சாரத் தையல் மெஷினின் கால்மிதியைப் பொருத்தினார், மிதிக்க மிதிக்க வேகம் மெல்ல ஏறியது. அதுவும் கிழிந்தது.

நாலாவது சீட்டுதான் அவரைத் தூங்கவிடவில்லை. ‘கவ்வினாலும் விடுவதில்லை.’ ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டை துவாலையைப் பாய்ந்து பிடித்துவிட்டது. மோட்டாருக்கு அது எங்கே தெரியும்? அது பாட்டுக்கு இழுத்தது. நாயும் விடவில்லை. தம்பி ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் மூட்டை இருபது அடி மண்ணில் தேய்ந்துபோய், ஈறு கிழிந்து ரத்தம் கொட்டியது. காயில்காரர் அன்று கட்டிவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. நாயின் வாயைத் தன் சட்டையால் துடைத்துக்கொண்டே, “என் தப்புடா, என் தப்பு” என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் அதே நினைப்பு. கடைசியில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு இரும்புத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே ஒரு தோல் வில்லை, பின்னால் ஒரு ஸ்பிரிங், அதை இறுக்க ஒரு நட்டு என்று ஒரு கிளட்ச் செய்தார். இழுப்பு அளவோடு இருந்தால் தட்டுகள் சேர்ந்து சுற்றும். நாய் கவ்வி நின்றால் ஒரு தட்டு வழுக்கிக்கொள்ளும், மோட்டார் ஓடினாலும் கயிறு நின்றுவிடும். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் கேள்வி.

“மூட்டைய விட்டுப் பாக்கலாமா மாமா?” என்றான் தம்பி.

“அதுக்கு வலிச்சா அது வாயத் திறந்து சொல்லுமா? நானே பிடிக்கிறேன்.”

சொல்லிவிட்டு ஐம்பது வயது மனுஷன் மண்ணில் மண்டியிட்டுக் கையூன்றித் துவாலையைப் பல்லில் கவ்வினார். மனைவி கால்மிதியில், தம்பி ஸ்பேனரோடு நட்டின் பக்கத்தில். முதல் தடவை கழுத்தே கழன்றுவிடும்போல இழுத்தது. கையை ஆட்டி, தளர்த்து என்று ஜாடை காட்டினார். இரண்டாம் தடவை முன்பல் ஆட்டம் கண்டது. இன்னும் தளர்த்து என்றார். மூன்றாம் தடவை மோட்டார் உறுமியது, கயிறு அசையாமல் நின்றது. துவாலையைக் கவ்வியபடியே அவர் தலையை ஆட்டிக் காட்ட, அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து மிதியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “நல்லவேளைங்க, மதிலு இருக்கு. யாரும் பாக்கல” என்றாள். தம்பி கைதட்டி, “ஜெயிச்ச நாய் நீங்கதான் மாமா!” என்றான். காயில்காரர் வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு நாலாவது சீட்டைக் கிழித்துப் போட்டார்.

அன்றே தம்பி பேச்சை எடுத்தான். “இத சட்டப்படி பதிவு பண்ணணும் மாமா. இல்லைன்னா எவனாவது சுட்டுட்டுப் போயிடுவான்.”

“நீயே பாத்துக்க மாப்ளே. எனக்கு அந்தக் காகிதமெல்லாம் ஒத்துவராது. ஒண்ணே ஒண்ணு. மெஷின் வெளிய வரும்போது மேல தகடு அடிப்பாங்கல்ல, அதுல என் பேரு வரணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

“உங்க பேரு இல்லாம வேற யாரு பேரு மாமா வரும்?”

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு காயில்காரர் சந்தோஷமாகவே இருந்தார். கடையில் சும்மா இருக்கும்போது தகட்டில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சாக்பீஸால் பெஞ்சில் எழுதிப் பார்ப்பார், யாராவது வந்தால் முழங்கையால் அழித்துவிடுவார். மெஷின் என்னவாயிற்று என்று எப்போது கேட்டாலும் தம்பி, “இன்னும் டெஸ்ட்லதான் இருக்கு மாமா” என்பான். ஒன்றரை வருஷம் டெஸ்டிலேயே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேறு ஊரில் நாய் பழக்குகிற ஒருவர் ஆட்டோவில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். மோட்டார் புகைகிறது என்றார். காயில்காரர் வழக்கம்போலச் சீட்டை எடுத்துக் கம்பியைக் கோத்துவிட்டு மெஷினைப் பார்த்தார். பச்சை வண்ணம், நல்ல பூச்சு, ரப்பர் கால்கள். சக்கரம், இருபக்கமும் ஓடும் சுவிட்ச், கால்மிதி. பெட்டியைத் திறந்தார். இரண்டு தட்டு, நடுவே தோல் வில்லை, ஸ்பிரிங், நட்டு. மூடியைத் திருப்பினார். மேலே தகடு. ‘கண்டுபிடித்தவர்’ என்று அச்சிட்டு, கீழே மைத்துனனின் பெயர், அதன் கீழே ஒரு பதிவு எண்.

“என்னங்க, சரி பண்ணிடலாமா?” என்று கேட்டார் வந்தவர்.

“பண்ணிடலாம்” என்றார் காயில்காரர். சீட்டு கையிலேயே இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வந்தவர் போனதும் காயில்காரர் தம்பிக்குப் போன் போட்டார். “மாப்ளே, தகட்டுல என் பேரு எங்க?”

“அது ஒரு ஃபார்மாலிட்டி மாமா. ஒரே பேருதான் போடணும்னு வக்கீல் சொல்லிட்டாரு. நம்ம குடும்பத்துக்குள்ளதானே?” அதற்கப்புறம் அவன் போனையே எடுக்கவில்லை.

தெருக்கோடியில் டைப்பிங் கடை வைத்திருந்த அம்மாள் தம்பி போட்ட பதிவு விண்ணப்பத்தின் நகலை வரவழைத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னாள். “எந்தப் பொருளைப் பதிவு பண்ணாலும், இதுக்கு முன்னாடி இருந்த கண்டுபிடிப்புகள் என்னென்ன, அதுல என்னென்ன குறைன்னு எழுதணும்ங்க. அப்பத்தான் இது புதுசுன்னு ஒத்துக்குவாங்க.” முதலாவது, தண்டவாளத்தில் ஓடும் பொம்மை முயல், வீட்டு நிலத்துக்கு ஆகாது. இரண்டாவது, குச்சியில் கட்டிய துணி. ஆட்டுகிற ஆள் களைத்துப்போவார். மூன்றாவதைப் படித்ததும் அம்மாள் நிறுத்திவிட்டாள்.

“படிங்கம்மா.”

“‘உள்ளூர் மோட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவர் செய்த கருவி. இதில் பனியில் கயிறு வழுக்குகிறது. நாய் மூலையில் காத்து நிற்கிறது. எடுத்ததும் வெட்டி இழுக்கிறது. கவ்வினாலும் விடுவதில்லை, இதனால் ஒரு நாய்க்கு ரத்தக்காயம் ஏற்பட்டது. மேற்படி குறைகள் அனைத்தையும் நான் கண்டுபிடித்த இக்கருவி நீக்குகிறது.’ கூடவே உங்க கையெழுத்துல இருக்கிற சீட்டுங்களோட நகலு.”

அட்டைச் சீட்டுகள்தான். கிழிந்த பாதிகளைச் சேர்த்து ஒட்டி, நடுவில் கோடு தெரிய நகல் எடுத்திருந்தான். பெயரை மட்டும் திருடியிருந்தால் காயில்காரர் பொறுத்திருப்பார். அவர் வெட்கப்பட்டு எழுதிய ஒவ்வொரு குறையையும் அவர் தலையிலேயே கட்டி, அவர் தீர்த்த ஒவ்வொன்றையும் தன் பெயரில் எழுதிக்கொண்டானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தோளில் தூக்கிய பிள்ளை இவன் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்குப் போனதும், சீட்டுகள் அவனிடம் எப்படிப் போயின என்று மனைவியிடம் கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. “நான்தாங்க குடுத்தேன். அங்க பெருக்கும்போது எடுத்து வெச்சிருந்தேன். உங்க ஞாபகமா வெச்சுக்கறேன்னு தம்பி கேட்டான். குப்பைக்குப் போறதுதானேன்னு...” சொல்லச் சொல்ல அழுதாள். அவளைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. காப்புரிமை அலுவலகத்துக்கு ஆட்சேபம் எழுதி அனுப்பினார். கிளட்ச் பூட்டின பெட்டிக்குள் இருந்தது, வெளியாள் யாரும் பார்த்ததில்லை. பரிசோதித்த அன்று மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் திருடன், ஒருவர் பறிகொடுத்தவர். மிச்சம் அவள்தான்.

“நீ வந்து நடந்ததச் சொன்னாப் போதும்” என்றார்.

“வர்றேங்க” என்றாள். விசாரணைக்கு முன்தினம் அவருடைய வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டு வைத்தாள்.

காப்புரிமை அலுவலகத்தில் அந்த அறை சின்னதாக இருந்தது. ஒரு நீள மேஜை, அதன் தலைப்பக்கத்தில் அதிகாரி, ஒரு பக்கம் தம்பியும் அவன் வக்கீலும், எதிர்ப்பக்கம் காயில்காரரும் மனைவியும். தம்பி மாமாவின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி ஒட்டிய சீட்டுகளை முன்னால் நகர்த்தினார்.

“இது உங்க கையெழுத்துதானா?”

“ஆமாங்க.”

“இந்தக் குறையெல்லாம் உங்க மெஷின்ல இருந்ததா?”

“இருந்துதுங்க. அதான் தீத்துட்டேனே.”

“எப்படித் தீத்தீங்கன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

“குறையத்தாங்க எழுதுவேன். தீந்துட்டா கிழிச்சுடுவேன். கிழிஞ்சிருக்கு பாருங்க, அப்படின்னா தீந்துடுச்சுன்னு அர்த்தம்.”

அதிகாரி நல்ல மனுஷன்தான். கொஞ்சம் யோசித்துவிட்டே சொன்னார். “கிழிஞ்சிருக்கிறது மட்டும் போதாதுங்க. குறைக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கு. தீத்ததுக்கு இல்ல.”

காயில்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். மண்டியிட்டதை, துவாலையைக் கவ்வியதை, பல் ஆடியதை, ஒன்றையும் விடவில்லை. வக்கீல் வாயைப் பொத்திச் சிரித்தார். தம்பி எழுந்து, “அப்படி ஒண்ணும் நடக்கலைங்க. நான் கிளட்ச் செஞ்சு காட்டுனேன், மாமா பாத்தாரு, அவ்வளவுதான்” என்றான்.

“சாட்சி இருக்காங்க” என்று காயில்காரர் மனைவியைக் காட்டினார். அப்போது அவர் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். “சொல்லுங்கம்மா. அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்களா? அந்தக் கிளட்ச யாரு செஞ்சாங்க?”

அவள் தம்பியைப் பார்த்தாள். மேஜை விளிம்பை விரலால் தேய்த்தாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்கு ஞாபகம் இல்லைங்க” என்றாள்.

அதிகாரி இரண்டாம் தடவை கேட்டார். அதே பதில். எழுதிக்கொண்டார். ஆட்சேபத்துக்கு ஆதாரம் போதவில்லை என்பதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் காயில்காரர் காதில் ஒன்றும் ஏறவில்லை. மனைவியின் ‘ஞாபகம் இல்லை’யிலேயே அவர் நின்றுவிட்டிருந்தார். வெளியே நடைபாதையில் தம்பி பின்னாலேயே வந்தான்.

“மனசுல வெச்சுக்காதீங்க மாமா. உங்களப் பத்தியும் அதுல எழுதித்தானே இருக்கேன்.”

காயில்காரர் படியிறங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நாலு நிறுத்தம் போகும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாபகம் இல்லையா?” என்றார் கடைசியில்.

அவள் மடியிலிருந்த பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “எல்லாம் ஞாபகம் இருக்குங்க. நீங்க தலைய ஆட்டுனதுகூட ஞாபகம் இருக்கு.”

“அப்புறம்?”

“நேத்து நீங்க கடைக்குப் போனப்புறம் வந்தான். கால்ல விழுந்து அழுதான். பொய்யின்னு தெரிஞ்சா அவன் தொழிலே போயிடும், கேஸு வரும்னான். ஒன்பது வயசுல கையப் பிடிச்சுக் கூட்டியாந்த பிள்ளைங்க அவன். அவனால தாங்க முடியாது.” பேச்சு தடுமாறியது. “நீங்கன்னா தாங்கிக்குவீங்க. அதான்...”

காயில்காரர் அவள் பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குரல் உயர்த்தியதில்லை, இப்போதும் உயர்த்தவில்லை.

“தாங்கிக்குவேன்னு உனக்கு யாரு சொன்னா?”

அவர் எழுந்து, படிக்கட்டுப் பக்கமாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர், “பெரியவரே, இவ்வளவு சீட்டு காலியா இருக்கே, உக்காருங்க” என்றார். “இறங்கணும்” என்றார் காயில்காரர். அவர்கள் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் பதினோரு நிறுத்தம் இருந்தது. அதுவரை அவர் நின்றுகொண்டேதான் வந்தார்.